மருந்துக்கும் கணக்கு வேண்டும்

தோட்டத்துக் கிராணியின் நாள் கணக்கில் விடிந்து கணக்கில் முடிவது. காலையிற் பிரட்டுக்கு வந்தோர் எத்தனை பேர், வாராதோர் எவர், தராசில் ஏறிய கொழுந்து எத்தனை கிலோ, கூடையின் எடை கழிந்தபின் நின்றது எவ்வளவு, உரம் எத்தனை மூட்டை, மழையால் நின்ற வேலை எத்தனை மணி என்று ஒவ்வொன்றும் ஏட்டில் ஏறவேண்டும். ஏடு போய்க் கணினி வந்த பின்னரும் இம்முறை மாறவில்லை. கோலா தெர்லாவின் பனிமூட்டத்தில் எதிரே நிற்கும் தேயிலைச் சரிவு கண்ணுக்குத் தெரியாத காலையிலும், அச்சரிவில் நிற்போர் இத்தனை பேரென்று எம் கணக்குக் காட்டும். ஒரு கிலோக் கொழுந்து விடுபட்டாலும் மாலைக்குள் எம்மைத் தேடி ஆள் வரும். வரவேண்டியதுதான், அஃது ஒருவருடைய கூலி.

இவ்வாறு ஊரார் பறித்த கொழுந்தையெல்லாம் எழுதிவைத்த யாம், எம்மைப் பெற்ற தந்தை விழுங்கிய ஒரு மாத்திரையின் பெயரை எழுதிவைக்கவில்லை. அக்குறையைச் சொல்லவே இக்கட்டுரை எழுதப் புகுந்தோம். அதனைச் சொல்லுமிடத்து, எம் தங்கை இரவில் விழித்திருந்து கற்ற கல்வியொன்றைப் பற்றியும், அக்கல்விக்கும் இந்நாட்டுக்கும் உள்ள பழைய தொடர்பைப் பற்றியும் சொல்லவேண்டியதாகின்றது. நேயர்கள் பொறுமையோடு கேட்க வேண்டுகின்றோம்.

எம் தந்தையார் தேயிலைக் கவ்வாத்து வெட்டுவதிற் பேர்பெற்றவர். 2013-ஆம் ஆண்டு அவர் காய்ச்சலும் இருமலுமாய்க் கிடந்தபோது, ஒரு மருந்தகத்திற் கொடுத்த மாத்திரைகளை உண்டுவந்தார். சில நாட்களில் வாய் புண்ணாயிற்று. மார்பிலும் முதுகிலும் செந்தடிப்புகள் எழுந்தன. அம்மை போட்டிருக்கின்றதென்று அயலார் வாசலில் வேப்பிலை செருகினர். கண்ணேறு என்றார் சிலர். மாத்திரை தீர்ந்தது, உடம்பும் மெல்லத் தேறிற்று. ஆத்தாள் மனமிரங்கினாள் என்று கூழ் காய்ச்சி ஊற்றினர். மாத்திரை நின்றதனால் உடம்பு தேறிற்று என்று சொல்லுவார் அங்கே ஒருவரும் இல்லை.

எமக்கு மட்டும் ஓர் ஐயம் இருந்தது. ஆங்கில வழியிற் கற்ற கல்வி அந்த ஐயத்தைத் தந்தது. ஆனால் அதற்கு மேலே ஓரடி எடுத்து வைக்கும் ஊக்கத்தைத் தரவில்லை. மாத்திரையின் உறையைக் கையில் எடுத்துப் பார்த்தோம். அதன்மேல் ஒரு பெயர் அச்சிட்டிருந்தது. நாளை எழுதிக்கொள்ளலாம் என்று சன்னலோரத்தில் வைத்துவிட்டுப் பிரட்டுக்குப் போனோம். எம் அன்னையார் வீடு கூட்டியபோது அது குப்பையோடு போயிற்று.

2018-ஆம் ஆண்டு, வேறோர் ஊரில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்றவிடத்தில் தந்தையாருக்கு மீண்டும் காய்ச்சல் கண்டது. அங்கிருந்த மருத்துவர் தம் கடமையைச் செய்தார். "ஏதேனும் மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமற் போனதுண்டா?" என்று வினவினார். தந்தையார் எம் முகத்தைப் பார்த்தார். "ஏதோ ஒரு வெள்ளை மாத்திரை" என்றோம். தேயிலைத் தோட்டத்தில் நின்றுகொண்டு 'ஒரு பச்சை இலை' என்று அடையாளஞ் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? மருத்துவர் எந்த மருந்தை விலக்குவார்? கொடுத்தார், தந்தையார் உண்டார். பத்தாம் நாள் தோல் தீப்பட்டாற்போல் உரியத் தொடங்கிற்று. கண்கள் செங்குருதியாய்ச் சிவந்து மூடிக்கொண்டன. ஆஸ்பத்திரியில் வாரக்கணக்காய்க் கிடந்து உயிர் மீண்டார். பார்வை முழுதும் மீளவில்லை. செடியின் எந்தக் கிளையை எங்கே வெட்டுவதென்று பத்தடி தொலைவிலிருந்து சொல்லிய கண்கள், இன்று எதிரே நிற்பவர் மகனா மகளா என்பதையும் குரலைக் கொண்டே அறிகின்றன.

பின்னர், பழைய மருந்தகத்தின் ஏட்டைத் தேடிப் பார்த்தபோது, இருமுறையும் கொடுத்தது கந்தகச் சேர்க்கையுடைய சல்பா வகையைச் சேர்ந்த ஒரே மருந்து என்பது தெரியவந்தது. அம்மருந்து தீயதன்று, எண்ணற்றோர் உயிரைக் காத்தது. ஆனால் மிகச் சிலருக்கு இவ்வாறு ஒவ்வாது. ஒவ்வாதவர் இன்னாரென்பதை ஒருமுறை கண்டபின்பும் எழுதிவைக்காதது எம் குற்றம். அந்த மருந்தகத்தாரிடம் சென்று, "நீங்கள் கொடுத்த மருந்தால் இவ்வாறாயிற்று" என்று ஒரு சொல்லும் யாம் சொல்லவில்லை. அவர்கள் ஏட்டில் மருந்தின் பெயர் இருந்தது. அதனால் விளைந்தது இல்லை. எங்கள் வீட்டில் விளைந்தது தெரிந்திருந்தது. மருந்தின் பெயர் இல்லை. இவ்விரண்டும் ஒரே ஏட்டில் வாராமையால் ஒரு மனிதர் கண்ணிழந்தார். உறவினரோ, "விதி" என்றனர். அவர்கள் விதி என்று சொன்ன இடத்தில் உண்மையில் இருந்தது ஒரு மாத்திரையின் பெயர்.

தந்தையார் படுக்கையிற் கிடந்தபோது எம் தங்கை மருந்தாளுநர் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருந்தாள். தேர்வு முடிந்து, சிலாங்கூரில் ஒரு மருந்துக் கம்பெனியிற் பணிக்கமர்ந்தாள். மருந்து உண்டோருக்கு நேர்ந்த தீங்குகளைப் பற்றி வரும் கடிதங்களைப் படித்துப் பதிவு செய்வது அவள் வேலை. "அண்ணே, நானும் உங்களைப்போல் கிராணிதான்" என்று சிரிப்பாள். 2020-இல் பெருந்தொற்று வந்து நாடடைந்து கிடந்தபோது, வீட்டிலிருந்தே பணிசெய்யும் வழக்கம் ஏற்பட்டது. கணினியைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தாள். 2022-இல் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையத்தின் வழியே நடத்தும் முதுநிலைக் கல்வியிற் சேர்ந்தாள். பகலெல்லாம் கம்பெனி வேலை; இரவெல்லாம் படிப்பு. அந்நாட்டின் குளிர்காலத்தில் அங்கே மாலை 7 மணிக்குப் பாடம் தொடங்கினால், எமக்கு விடியற்காலை 3 மணி. பின்கட்டுச் சன்னலருகேதான் அலைத்தொடர்பு சரியாய்க் கிடைக்கும். சன்னலைத் திறந்தால் தெர்லாவின் குளிர் உள்ளே வரும். கம்பளியைத் தலைவரை போர்த்திக்கொண்டு, அடுத்த அறையில் தந்தையார் விழித்துக்கொள்ளாவண்ணம் தாழ்ந்த குரலில் ஆசிரியருக்கு விடையிறுப்பாள்.

அவள் கற்ற கல்வி யாது? அதனை மருந்தாக்க மருத்துவம் என்று சொல்லலாம். நோயாளிக்கு எம்மருந்து தகும் என்று ஆராய்பவர் மருத்துவர். அம்மருந்தைச் சரியான அளவிற் கொடுப்பவர் மருந்தாளுநர். அம்மருந்தே மக்களுக்குத் தகுமா என்று, அது ஆய்வுக்கூடத்திற் பிறந்த நாள் தொட்டு, விலங்குகளிலும் மனிதரிலும் சோதிக்கப்பட்டு, அரசின் இசைவு பெற்று, கடைக்கு வந்து, வந்தபின்பும் ஊரில் என்ன செய்கின்றது என்பதுவரை தொடர்ந்து ஆராய்வது இக்கல்வி. பிரிட்டனில் இதற்கென லண்டன், எடின்பரோ, கிளாஸ்கோ மருத்துவக் கல்லூரிகள் மூன்றும் சேர்ந்து 1989-இல் ஒரு தனிப் பீடம் அமைத்தன. 2002-இல் அந்நாடு இதனை மருத்துவத்தின் தனித்துறையாக ஏற்றுக்கொண்டது. இத்துறையில் உள்ளோர் பெரும்பாலும் ஏற்கனவே பணியில் இருப்பவர்; வேலையை விட்டுப் படிக்க வழியில்லாதவர். ஆகவே பாடம் அவர்களைத் தேடிச் செல்லும் முறை இத்துறைக்கு இயல்பாய்ப் பொருந்திற்று.

வீட்டிலிருந்து படித்த பட்டம் ஒரு பட்டமா என்று எள்ளுவோர் இன்னும் உளர். லண்டன் பல்கலைக்கழகம் தன் வாயிலுக்கு வாராத மாணாக்கருக்கும் தேர்வெழுதும் உரிமையை 1858-இலேயே கொடுத்தது. நம் நாட்டில் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம் 1971-இல் தொலைக்கல்வியைத் தொடங்கிற்று. காசு பெற்றுக்கொண்டு காகிதம் கொடுக்கும் போலிக் கடைகளும் உலகில் உண்டு என்பது மெய்யே. சேருமுன் அப்பட்டத்தை நம் நாட்டுத் தகுதியாய்வு நிறுவனம் ஒப்புகின்றதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். போலி நாணயம் உலவுகின்றதென்று நல்ல நாணயத்தை எவரும் எறிந்துவிடுவதில்லை.

அவள் கற்றதில் ஒன்றை எமக்கு விளங்கும்படி சொன்னாள். புதிய மருந்தொன்றை முதலில் சில பத்துப் பேருக்கும், பின் சில நூறு பேருக்கும், அதன்பின் சில ஆயிரம் பேருக்கும் கொடுத்துச் சோதிப்பர். "அண்ணே, 10,000 செடியில் ஒரு செடிக்குத்தான் ஒரு நோய் இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் 3,000 செடியைப் பார்த்துவிட்டு, நோயே இல்லை என்று எழுதினால் அது சரியா?" என்றாள். சரியன்று என்றோம். "3,000 செடியைப் பார்ப்பவர் அந்த நோயைக் காணாமலே திரும்புவதற்குத்தான் வாய்ப்பு மிகுதி. ஒன்றையேனும் காண்போம் என்று ஓரளவு உறுதியாய்ச் சொல்ல 30,000 செடியாவது பார்க்கவேண்டும். மருந்தும் அப்படியே. கடைக்கு வருமுன் செய்யும் சோதனையில், அரிதாய் வரும் தீங்கு அகப்படாது. அஃது அகப்படுவது மருந்து ஊருக்குள் வந்தபிறகுதான். அப்போது யாராவது பார்த்து எழுதவேண்டும்."

இவ்வுண்மையை உலகம் கற்றதில் மலாயாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அவள் வாயிலாகவே அறிந்தோம். தோட்டத்திற் பிறந்து வளர்ந்த எமக்கு அதனை எப்பள்ளியும் கற்பிக்கவில்லை.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் இந்நாட்டில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. காலும் கையும் மரத்து, உடம்பு வீங்கி, நெஞ்சு நின்று மாண்டனர். தீட்டிய வெள்ளரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே அது மிகுந்திருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அஃது அரிதாயிருப்பதைப் பிராடன் என்னும் மருத்துவர் நெகிரி செம்பிலானிற் கண்டு எழுதினார். நெல்லைப் புழுக்கும்போது உமிக்கடியிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகின்றது. பின் தீட்டினாலும் போவதில்லை. நம் பாட்டிமார் அடுப்பில் இருந்த அறிவு அது. 1905-ஆம் ஆண்டளவில் கோலாலம்பூரில் இருந்த மனநோய் விடுதியில் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் இதனைச் சோதித்தார். விடுதியில் இருந்தோரை வரிசையாய் நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றை எண்ணினர்க்குத் தீட்டிய அரிசி. இரட்டை எண்ணினர்க்குப் புழுங்கலரிசி. முதற்பிரிவில் நோய் பரவிற்று, பலர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோரில் நோயால் மாண்டார் இல்லை. அதன்பின் ஃபிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் துரியான் திப்புசிற் சாலை வேலை செய்த சாவகத் தொழிலாளரிடையே இதனை மேலும் உறுதிசெய்தனர். அவ்வறிவால் பின்னர்ப் பிழைத்தோர் எண்ணிலர்.

இதனைக் கேட்டபோது எமக்கு இருவேறு உணர்ச்சி உண்டாயிற்று. எண் சொல்லிப் பிரித்த அம்முறையின் நேர்மை எம்மைக் கவர்ந்தது. இன்னாருக்கு இது என்று மனம்போல் கொடாமையால்தான் உண்மை வெளிப்பட்டது. ஆனால் அவ்வரிசையில் நின்றோர் யாவர்? தம்மைப் பற்றித் தாம் முடிவு செய்ய இயலாதவர். "உங்களை இரண்டாகப் பிரிக்கின்றோம், ஒரு பிரிவினர் நோயுறக்கூடும், உங்களுக்குச் சம்மதமா?" என்று அவர்களை எவர் கேட்டார்? பிரட்டுக்களத்தில் நாள்தோறும் ஆள் எண்ணும் எமக்கு, எண்ணப்படுபவர் நிலை ஓரளவு தெரியும். மனிதர்மேல் நடத்தும் சோதனைக்கு அவர்தம் சம்மதம் வேண்டும் என்று உலக மருத்துவர் சங்கம் ஹெல்சிங்கியில் அறிக்கை செய்தது 1964-இல். அதற்குமுன் மாண்டவர் கணக்கு நமக்குக் கிடையாது.

மற்றொன்று 1948-இல் நிகழ்ந்தது. செம்பனைத் தோட்டங்களிலும் புதர்க்காடுகளிலும் வேலை செய்வோரைச் செள்ளுப்பூச்சி கடிப்பதால் வரும் உண்ணிக் காய்ச்சல் பற்றிக்கொள்ளும்; அதற்கு அந்நாளில் மருந்தில்லை. குளோராம்பெனிகால் என்னும் புதிய மருந்தோடு அமெரிக்க மருத்துவர் குழுவொன்று கோலாலம்பூருக்கு வந்தது. அங்கே 1900-இல் நிறுவப்பெற்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரோடு சேர்ந்து நோயாளிகட்குக் கொடுத்தனர். காய்ச்சல் விரைவில் தணிந்தது. உண்ணிக் காய்ச்சல் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பெற்றவருள் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு, அவர்களும் தேறினர். இவ்வாறு தற்செயலாக டைபாய்டுக்கும் மருந்து அகப்பட்டது. உலகெங்கும் அதனைக் கொண்டாடினர். இருமலுக்கும் தொண்டைவலிக்கும்கூட அள்ளிக் கொடுத்தனர்.

ஆனால் 1950 முதல் வேறொரு செய்தி வரத் தொடங்கிற்று. அம்மருந்தை உண்டோருள் மிகச் சிலருக்கு எலும்பின் மச்சை வற்றி, குருதி ஊறுவது நின்று, மரணம் நேர்ந்தது. 25,000 முதல் 40,000 பேருக்கு ஒருவர் என்பது பிற்கால மதிப்பீடு. கோலாலம்பூர்ச் சோதனையில் மருந்துண்டோர் சில பத்துப் பேரே. அவர்களிடம் இத்தீங்கை எவ்வாறு காண்பது? தங்கை சொன்ன செடிக்கணக்கு இதுதான். ஆங்காங்கு இருந்த மருத்துவர் தாம் கண்ட ஒன்றிரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதியனுப்ப, அவ்வெழுத்துகள் ஓரிடத்திற் சேர்ந்தபோதே உண்மை தெரிந்தது. 1952-இல் அமெரிக்க அரசு அம்மருந்தின்மேல் எச்சரிக்கை அச்சிடச் செய்தது.

அதனினும் கொடியது தாலிடமைடு என்னும் மருந்தின் வரலாறு. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கருவுற்ற மகளிரின் மசக்கைக்கும் கொடுத்தனர். கையும் காலும் குறுகிய குழந்தைகள் பிறந்தன. அவ்வாறு பிறந்தோர் உலகெங்கும் 10,000 பேருக்கு மேல் என்பர். ஜெர்மனியில் லென்ஸ் என்பவரும் ஆஸ்திரேலியாவில் மக்பிரைடு என்பவரும் தாம் கண்டதை எழுதி அறிவித்தமையால் 1961-இல் அது நிறுத்தப்பட்டது. அத்துன்பத்தின் பயனாகவே 1968-இல் உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளைச் சேர்த்து மருந்துத் தீங்குகளுக்குப் பொதுவான ஏடொன்றைத் தொடங்கிற்று. நம் நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்யும் விதிகள் 1984-இல் வந்தன. தீங்குகளை ஆராயும் குழு 1987-இல் அமைந்தது. 1990-இல் மலேசியா அவ்வுலக ஏட்டில் 30-ஆம் உறுப்பு நாடாயிற்று.

ஆக, எம் தந்தைக்கு 2013-இல் நேர்ந்ததைப் பதிய ஓர் ஏடு அன்றே நாட்டில் இருந்தது. யாம்தாம் அதனிடம் செல்லவில்லை.

இத்துணையும் சொல்லிய பின், தங்கையின் படிப்புக்கு வந்த எதிர்ப்பைச் சொல்லாதிருத்தல் முறையன்று. "பெண்ணுக்கு ஒரு பட்டம் போதாதா? இன்னொன்று வாங்கினால் அதற்கேற்ற மாப்பிள்ளைக்கு எங்கே போவது?" என்று உறவினர் எம் அன்னையாரிடம் வந்து வருந்தினர். இரவெல்லாம் கணினியின் முன்னிருந்து ஆடவரோடு பேசுகின்றாள் என்று வம்பளந்தார் ஒருவர். அன்னையார் கொழுந்தெடுத்துக் கை காய்த்தவர், எழுத்தறியாதவர். அவர் சொன்ன விடை இது: "அவள் அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று அவள்தான் படிக்கிறாள். மாப்பிள்ளை வந்தால் அவரும் உட்கார்ந்து கேட்கட்டும்." வம்பு அத்தோடு நின்றது. மேடையில் நின்று பெண் கல்வியைப் போற்றிப் பேசிய எத்தனையோ பேரை யாம் கேட்டதுண்டு. அவ்வொரு விடைக்கு ஈடாக எமக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆனால் எம் உள்ளத்திலும் ஒரு கேள்வி இருந்தது. படிப்புக் கட்டணத்தில் பாதியைக் கம்பெனி கொடுத்தது. மருந்தை விற்பவர் காசில், மருந்தின் தீங்கைக் கண்டுபிடிக்கும் கல்வியா? ஒருநாள் கேட்டேவிட்டோம்: "உனக்குச் சம்பளம் கொடுப்பவர் விற்கும் மருந்தே தீங்கு செய்தால் நீ எழுதுவாயா?" அவள் உடனே விடை சொல்லவில்லை. "அண்ணே, தராசருகே நிற்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்டாள்.

அக்கேள்வி எம்மைச் சுட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழைநாளொன்றில் ஈரக் கொழுந்துக்குக் கழிவு எழுதும்போது, ஒருவர் சொற்கேட்டு வேண்டியதற்கும் சற்று மிகுத்தே எழுதினோம். எவரும் கேட்கமாட்டார் என்று எண்ணினோம். வரிசையில் நின்ற ஒரு பாட்டி மட்டும் முள்ளையும் எம் பேனாவையும் மாறிமாறிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் யாம் அவ்வாறு எழுதவில்லை. எம்மைத் திருத்தியது எம் நற்குணமன்று. முள்ளைப் படிக்கத் தெரிந்த ஒருவர் எதிரே நின்றமைதான்.

இதனை அவளிடம் சொன்னோம். "அதுவே என் விடையும்" என்றாள். "கடுமையான தீங்கு என்று தெரிந்தால் 15 நாளுக்குள் அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்பது முறை. முறை இருந்தாலும் மறைக்க நினைப்பவன் மறைப்பான். ஆனால் மருத்துவரும் எழுதி, மருந்தாளுநரும் எழுதி, மருந்துண்டவரும் எழுதினால், நான் ஒருத்தி மறைத்து என்ன ஆகப்போகிறது? முள்ளைப் பார்க்கும் பாட்டிகள் பெருகவேண்டும்." கம்பெனியாரின் நல்லெண்ணத்தை நம்பியோ, அவர்மேற் பகைகொண்டோ நாம் பிழைக்க இயலாது. அவர்கள் எழுதும் கணக்கை நாமும் படிக்கக் கற்பதே வழி. அதனாற்றான், தோட்டத்துப் பிள்ளைகள் மருத்துவராதல் போலவே, மருந்தைச் சோதிக்கும் இத்துறையிலும் புகவேண்டும் என்கின்றோம்.

படிப்பின் ஒரு பகுதியாக, மருந்துச் சோதனையிற் சேருவோரிடம் கொடுக்கும் சம்மதத் தாளொன்றைத் தமிழில் எழுதித் தருமாறு எம்மைக் கேட்டாள். ஆங்கிலம் கற்ற செருக்கோடு அமர்ந்தோம். ஒரு மணி நேரத்தில் செருக்கு நீங்கிற்று. மருந்துபோலவே தோன்றும், ஆனால் மருந்தில்லாத மாத்திரையைச் சிலருக்குக் கொடுப்பர். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. இதனை ஏமாற்று என்று தோன்றாமலும், ஏமாற்றாமலும் சொல்வதெங்ஙனம்? எழுதியதை எடுத்துக்கொண்டு பக்கத்து லயத்துப் பாட்டியிடம் சென்று வாசித்தோம். முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, இந்த மருந்தால் என்னைப் பார்க்கிறார்களா, என்னால் மருந்தைப் பார்க்கிறார்களா?"

இரண்டாண்டுப் படிப்பின் சாரம் அவ்வொரு கேள்வியில் இருந்தது என்றாள் தங்கை. எம் தாளைக் கிழித்துவிட்டு, "இச்சோதனை முதன்மையாக மருந்தை அறிவதற்காக, உங்களுக்கு நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், வேண்டாம் என்று எந்நாளும் விலகலாம், அதனால் உங்கள் சிகிச்சை குறையாது" என்று தொடங்கிப் புதிதாய் எழுதினோம். பாட்டி கேட்டுத் தலையசைத்தார்.

முன்னாளில் கேளாமலே எண்ணப்பட்டோரின் நாடு இன்று வேறு நிலையை அடைந்திருக்கின்றது. ஈரலைத் தாக்கும் சி வகை மஞ்சட்காமாலைக்கு ராவிடாஸ்விர் என்னும் புதிய மருந்தை மலேசியாவும் தாய்லாந்தும் சேர்ந்து, இலாபநோக்கில்லாத அமைப்பொன்றின் துணையோடு சோதித்தன. முதற்கட்டத்திற் சேர்ந்தோர் 301 பேர்; நூற்றுக்கு 97 பேர் குணமடைந்தனர். அதனோடு சேர்த்துண்ணும் சோபோஸ்புவிர் என்னும் மருந்தின் விலை எளியோருக்கு எட்டாதிருந்தமையால், 2017-இல் மலேசிய அரசு காப்புரிமையைக் கடந்து அதனைப் பெறத் துணிந்தது. 2021-இல் ராவிடாஸ்விர் இந்நாட்டிற் பதிவாயிற்று. இவ்வேலைக்கு மருத்துவரோடு, கணக்கரும் தாதியரும் மருந்தாளுநரும் சம்மதத் தாளை அவரவர் மொழியில் எழுதுவோரும் வேண்டும். அங்கே நம்மவர் இடம் பெறுதல் கைக்கெட்டாத செயலன்று.

இனி, பட்டம் பெறாத நாம் செய்யத்தக்கது யாது? பெரிய செயல் ஒன்றுமில்லை. மருந்துறையை எறியாதீர், பெயரை எழுதிவையுங்கள். ஒரு மருந்து ஒவ்வாது போனால், கொடுத்தவரிடமே சென்று சொல்லுங்கள். சினந்து சொல்லவேண்டுவதில்லை, சொன்னாற் போதும். அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒவ்வாமை அட்டை கேட்டு வாங்கிப் பணப்பையில் வையுங்கள். மருந்துகளைக் கண்காணிக்கும் அரசு நிறுவனத்துக்குப் பொதுமக்கள் தாமே அறிவிக்கவும் படிவம் உண்டு. நாட்டு மருந்தும், கடைத்தெருவில் விற்கும் பொடியும், அயலார் அன்போடு கொடுத்த மாத்திரையும் இக்கணக்கிற் சேரும். வேப்பிலை செருகுவோர் செருகுக. மாத்திரையின் பெயரையும் பக்கத்திற் குறித்துக்கொள்ளச் சொல்லுக.

தங்கை 2024-இற் பட்டம் பெற்றாள். பட்டமளிப்பு விழாவைக் கணினியிலேயே கண்டோம். அவள் பெயர் அழைக்கப்பட்டபோது தந்தையார் திரையின் பக்கம் முகத்தைத் திருப்பி, "எந்தப் பக்கம் நிற்கிறாள்?" என்று கேட்டார். "உங்கள் பக்கத்தில்தான் அப்பா" என்று அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

தந்தையாரின் ஒவ்வாமை அட்டை இப்பொழுது எம் சட்டைப்பையில் ஒன்றும், அவர் பையில் ஒன்றுமாக உள்ளது. அவ்வப்போது அதனை எடுத்து விரலால் தடவி, "வாசி" என்பார். வாசிப்போம். அம்மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் நீண்டது. அவர் அதனைத் தவறின்றித் திருப்பிச் சொல்லுவார்.

எம் மேசையில் கொழுந்துக் கணக்குக்கு அருகில் வேறொரு சிறிய ஏடும் இருக்கின்றது. லயத்தில் உள்ளோர் தமக்கு ஒவ்வாத மருந்தின் உறையைக் கொண்டுவந்து காட்டுவர். தமிழரே அன்றி வங்காளதேசத்தாரும் நேபாளத்தாரும் வருவதுண்டு. பெயர், நாள், நேர்ந்தது என மூன்று பத்தியில் எழுதி, அவரவர்க்கும் ஒரு படி எழுதிக் கொடுத்து, மருந்தகத்துக்கு அனுப்புகின்றோம். இதுவரை 17 பெயர் ஏறியுள்ளன. இதனை எழுதி முடிக்கும் இவ்வேளையிலும் வாசலில் ஒருவர் மழைக்கு ஒதுங்கி நிற்கின்றார். கையில் ஒரு மாத்திரை உறை தெரிகின்றது. அதை நாளைக்கென்று வைக்கலாகாது; எழுந்து போகின்றோம்.